கிழக்கிலிருந்து வந்த சந்ததி: புத்திரசுவிகாரமும் கடல்கடந்த தத்தெடுப்பும்

பெற்றோரற்ற குழந்தையைத் தன் வீட்டில் ஏற்றுக்கொள்வது கிறிஸ்தவ அன்பின் சிறந்த வெளிப்பாடுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. திருமறையும் திக்கற்ற பிள்ளைகளை ஆதரிக்கும்படி மீண்டும் மீண்டும் கட்டளையிடுகிறது. ஆயினும் ஒரு குடும்பம் கடல்கடந்து சென்று, வேறொரு நாட்டில் பிறந்து வளர்ந்த குழந்தையைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும்போது, அச்செயலுக்கு நாம் அளிக்கும் இறையியல் விளக்கம் சரியானதுதானா என்பது ஆராயத்தக்கது. குழந்தை சற்றே வளர்ந்ததாய், தன் பெயரையும் தாயின் முகத்தையும் அறிந்ததாய் இருக்குமானால் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. இதன்பொருட்டு நாம் இரு படைப்புகளை அருகருகே வைத்து நோக்க விரும்புகிறோம். ஒன்று, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பெர்த்தா ஹோல்ட் அம்மையார் டேவிட் விஸ்னர் என்பாரின் துணையோடு 1956-இல் வெளியிட்ட ‘தி சீட் ஃப்ரம் தி ஈஸ்ட்’, அதாவது ‘கிழக்கிலிருந்து வந்த சந்ததி’ என்னும் நூல். மற்றது, டீயன் போர்ஷே லியம் என்பார் 2000-இல் வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் பர்சன் ப்ளூரல்’, அதாவது ‘தன்மைப் பன்மை’ என்னும் ஆவணத் திரைப்படம். முன்னது ஏற்றுக்கொண்ட தாயின் சாட்சி; பின்னது ஏற்றுக்கொள்ளப்பட்ட மகளின் சாட்சி. இரண்டும் கொரிய நாட்டையே களமாகக் கொண்டவை.

1. ஒரு விவசாயியின் பயணம்

கொரியப் போர் 1953-இல் ஓய்ந்தது. போரின் விளைவாக வீதிகளிலும் இல்லங்களிலும் நிறைந்திருந்த குழந்தைகளுள், வெளிநாட்டுப் படைவீரருக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாயிருந்தது. தந்தைவழியே குடும்பத்தைக் கணக்கிடும் அச்சமுதாயத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களைப் பெற்ற தாய்மாருக்கும் மதிப்பில்லை. 1954 டிசம்பரில் ‘வேர்ல்ட் விஷன்’ நிறுவனர் பாப் பியர்ஸ் காட்டிய திரைப்படத்தின் வாயிலாக இக்குழந்தைகளின் நிலையை ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியர் அறிந்தனர். இருவரும் ஐம்பது வயதை எட்டியிருந்தவர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் இருந்தனர். ஹாரி கடும் இருதயநோயினின்று மீண்டவர். ஆயினும் எட்டுக் குழந்தைகளை ஏற்பதென அவர்கள் உறுதிபூண்டனர். அன்றைய சட்டம் இருவருக்குமேல் இடங்கொடுக்கவில்லை. ஆகவே 1955-இல் அமெரிக்கப் பேரவை அவர்களுக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. ஹாரி கொரியா சென்று பல மாதங்கள் தங்கி, அக்டோபர் 14 அன்று பன்னிரு குழந்தைகளுடன் போர்ட்லண்ட் நகரில் வந்திறங்கினார். எண்மர் அவருடைய வீட்டிற்கும் நால்வர் பிற குடும்பங்களுக்கும் உரியவர்கள்.

இவ்வரலாற்றை எளிய நடையில், கணவரின் கடிதங்களையும் சேர்த்து, பெர்த்தா அம்மையார் கூறுகிறார். நூலில் போலித்தனம் இல்லை. நோயுற்ற பாலகரைத் தூக்கிச் சுமந்தவரின் களைப்பும், வீட்டில் காத்திருந்தோரின் ஜெபமும் அதில் உண்மையாய் ஒலிக்கின்றன. அக்குழந்தைகளுக்கு அன்று கொரியாவில் காத்திருந்தது பசியும் புறக்கணிப்புமே. அவ்வாறிருக்க, பாதுகாப்பான அறையில் அமர்ந்து அவர்தம் செயலைக் குறைகூறுவது நமக்கு எளிது; நேர்மையான திறனாய்வு அதைச் செய்யாது. நாம் வினவுவது அவர்களுடைய அன்பைப் பற்றியன்று. அந்த அன்புக்கு அவர்கள் சூட்டிய மறைநூல் விளக்கத்தைப் பற்றியே.

2. திசைமாறிய ஏசாயா

நூலின் தலைப்பு ஏசாயா 43:5-ஐ அடியொற்றியது. பயணத்தின்போது இப்பகுதி ஹாரிக்குக் கிடைத்தது. அதனைத் தம் பணிக்கான தெய்வீக உறுதியாக அவர் ஏற்றுக்கொண்டார். தனிமையிலும் ஐயத்திலும் இருந்த ஓர் எளிய விசுவாசிக்கு அவ்வசனம் ஆறுதல் தந்தது இயல்பே. ஆயின் அவ்வசனம் எதைப்பற்றியது? பாபிலோனியச் சிறையிருப்பில் சிதறுண்ட இஸ்ரவேலரைக் கடவுள் நாற்றிசையினின்றும் கூட்டிச்சேர்ப்பார் என்பதே அதன் செய்தி. அந்நிய நாட்டில் வாழ்வோர் தம் சொந்த நாட்டிற்கும் சொந்த மக்களிடத்திற்கும் திரும்புவர் என்பதே அதன் வாக்குத்தத்தம். அங்குச் சந்ததி வீடு திரும்புகிறது. நூலிலோ சந்ததி தான் பிறந்த வீட்டைவிட்டு அப்பால் கொண்டுசெல்லப்படுகிறது. தீர்க்கரின் சொற்கள் அவ்வாறே இருக்க, அவற்றின் திசைமட்டும் மாறிவிட்டது.

இது வெறும் வேதவிளக்கப் பிழையாக நின்றுவிடவில்லை. ‘உன் சந்ததி’ என்று குறிக்கப்படுவோர் ஏற்கெனவே உனக்குரியவர் என்பது பொருள். அதைக் கொரியக் குழந்தைக்குப் பொருத்தும்போது, அது தன் தாய்க்குரியதாக இருந்ததற்குமுன்பே ஒரிகனில் உள்ள குடும்பத்திற்குரியதாய்க் கடவுளால் குறிக்கப்பட்டிருந்தது என்னும் கருத்து நுழைகிறது. கதை முழுவதும் ஏற்கும் குடும்பத்தின் பார்வையிலேயே சொல்லப்படுவதால், பெற்ற தாயின் துயரத்திற்கு அதில் தனியிடம் அமையவில்லை. ஆயினும் அக்குழந்தைகளுள் பலருக்குத் தாய் உயிருடன் இருந்தாள் என்பதும், வறுமையாலும் அவமானத்தாலும் நெருக்குண்டே அவள் குழந்தையைக் கையளித்தாள் என்பதும் வரலாறு.

ஹோல்ட் தம்பதியரைப் பின்பற்ற ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர். அவர்களுக்கென 1956-இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. ஏற்கும் பெற்றோர் கொரியாவுக்குச் செல்லாமலே, அவர்கள் சார்பில் ஹாரி கொரிய நீதிமன்றத்தில் தத்தெடுத்துக் குழந்தையை விமானத்தில் அனுப்பும் முறை பரவியது. பெற்றோர் மறுபடி பிறந்த கிறிஸ்தவராயிருத்தல் வேண்டும் என்பதே அவர் முதன்மையாக எதிர்பார்த்த தகுதி. குடும்பத்தை நேரில் ஆராயாமல் குழந்தையை ஒப்படைப்பது ஆபத்து எனச் சமூகப் பணியாளர் எச்சரித்தனர். அதனை அவர் அவிசுவாசத்தின் தடையாகவே கண்டார். 1961-இல் அமெரிக்கச் சட்டம் இம்முறைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஜெபம் விசாரணையை விலக்குவதன்று என்னும் எளிய உண்மையை இவ்வரலாறு நமக்குப் போதிக்கிறது.

3. எட்டு வயதுச் சிறுமி

இனி இரண்டாவது படைப்பிற்கு வருவோம். கலிபோர்னியாவில் வாழ்ந்த ஒரு குடும்பம், கொரிய இல்லமொன்றில் இருந்த சா ஜங் ஹீ என்னும் சிறுமிக்கு மாதந்தோறும் பதினைந்து டாலர் அனுப்பிவந்தது. கடிதங்கள் வளர்ந்து பாசமாயின. அவளையே மகளாக ஏற்க அவர்கள் முடிவுசெய்தனர். ஆயின் எல்லா ஏற்பாடுகளும் முடிவதற்குள் அச்சிறுமியின் தந்தை வந்து அவளை வீட்டிற்கு அழைத்துச்சென்றுவிட்டார். இல்லத்தார் அதனைத் தெரிவிக்கவில்லை. காங் ஓக் ஜின் என்னும் வேறொரு சிறுமியை அதே பெயரில், அதே ஆவணங்களுடன், உண்மையைச் சொல்லலாகாது எனக் கற்பித்து 1966-இல் அனுப்பிவைத்தனர். அப்போது அவளுக்கு வயது எட்டு. அவளுடைய தாயும் உடன்பிறந்தோரும் கொரியாவில் உயிருடன் இருந்தனர்.

இச்சிறுமியே பிற்காலத்தில் இப்படத்தை இயக்கிய டீயன் போர்ஷே லியம். விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட குடும்பப் படச்சுருள்களை அவர் நமக்குக் காட்டுகிறார். அமெரிக்க அக்காள் அந்நாளை நினைவுகூர்கையில், தாயார் முதலில் வேறொரு குழந்தையிடம் சென்றுவிட்டார் போலும் என்றும், வந்தவர்களுள் ஒருத்தி தங்களுக்குரியவளாதலால் அது பொருட்டாகத் தோன்றவில்லை என்றும் கூறுகிறார். அதில் கொடுமை ஏதுமில்லை. எவ்வாறாயினும் அன்புசெய்வோம் என்னும் பெருந்தன்மையே உண்டு. ஆனால் குழந்தையின் நிலையிலிருந்து கேட்போருக்கு அச்சொல் அச்சமூட்டும். எந்தக் குழந்தையாயினும் சரி என்னும் அன்பு, இந்தக் குழந்தை யார் என்று கேட்க மறந்துவிடுகிறது.

ஆங்கிலம் ஓரளவு பேச வந்தவுடன் அச்சிறுமி வளர்ப்புத் தாயிடம் தான் அனாதை அல்லள் என்றும் தனக்குத் தாயும் உடன்பிறந்தோரும் உண்டென்றும் சொன்னாள். தாயார் அதைக் கனவென்று கருதித் தத்தெடுப்பு ஆவணங்களைக் காட்டி அவளைத் தேற்றினார். ஆவணம் பொய், குழந்தை சொன்னது மெய். சில ஆண்டுகளில் அவள் தாய்மொழியை மறந்தாள், நினைவுகளும் மங்கின. வளர்ந்தபின் தம் கோப்பில் ஒரே பெயரின்கீழ் இரு வேறு சிறுமிகளின் புகைப்படங்களைக் கண்டபோதே உண்மை வெளிப்படலாயிற்று. கொரியாவிலிருந்து அண்ணனின் கடிதம் வந்து, அவருடைய உண்மைப் பெயரை அறிவித்தது.

படத்தின் உச்சம் பிற்காலப் பயணம் ஒன்றில் அமைகிறது. டீயன் தம் அமெரிக்கப் பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டு கொரியாவிலுள்ள தம் தாயின் வீட்டிற்குச் செல்கிறார். குழந்தையை ஏற்பதற்காக 1966-இல் அவர்கள் மேற்கொள்ளாத பயணத்தை, மகளின் வேண்டுதலுக்கிணங்க முதுமையில் மேற்கொள்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாக இரு தாய்மாரும் பேசும் காட்சியில் எவரும் குற்றஞ்சாட்டப்படவில்லை. தம் மனத்தில் இரு தாய்மாருக்கு இடமில்லாதிருந்ததே தம் துயரம் என்பதை டீயன் மறைக்காமல் கூறுகிறார். அப்பயணம் எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடவில்லை. ஆயினும் மகள் சுமந்திருந்த உண்மையைக் குடும்பமும் சேர்ந்து சுமக்கத் தொடங்கியது. கலையென்னும் நிலையில் இப்படத்தின் சிறப்பு இதுவே: தம்மை நேசித்தோரை இகழாமலே, அந்நேசம் தமக்கு இழைத்த இழப்பை அவர் சொல்லிமுடிக்கிறார். தலைப்பாக அமைந்த இலக்கணச் சொல்லும் பொருத்தமானது. ‘நான்’ என்று அவர் சொல்லும் இடத்தில் பலர் நிற்கின்றனர்.

4. ஆவணத்தால் அனாதையானோர்

இது ஒரு தனிமனிதருக்கு நேர்ந்த விபத்து என்று தள்ளிவிட இயலாது. 2008-க்கு முன்பிருந்த கொரியச் சட்டப்படி ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பதிவேட்டில் இடம்பெற்றனர். வெளிநாட்டுக்கு அனுப்பப்படவிருந்த குழந்தைகளுக்கோ தனியே ஓர் ‘அனாதைப் பதிவு’ உண்டாக்கப்பட்டது. அதன்படி, தாய் தந்தை உயிருடன் இருந்தாலும், குழந்தை உறவினரற்ற ஒற்றை ஆளாயிற்று. மகனாக்கும்பொருட்டு முதலில் அனாதையாக்கினர் என்பதே இதன் பொருள். தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவில், பொய்ப் பதிவுகளும் ஆள்மாறாட்டமும் நிகழ்ந்தன என்றும், கண்காணிக்கத் தவறிய அரசு குழந்தைகளின் மனித உரிமைகளை மீறியது என்றும் உரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கோரினார். அரசு மன்னிப்புக் கேட்டாயிற்று. இப்பணியைத் தெய்வசித்தம் என்று பிரசங்கித்த திருச்சபைகள் தம் பிரசங்கத்தை இன்னும் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

5. புத்திரசுவிகாரம் உணர்த்துவது

கடல்கடந்த தத்தெடுப்பை ஆதரித்துப் பேசுவோர் பெரும்பாலும் பவுலின் ‘புத்திரசுவிகாரம்’ என்னும் சொல்லையே அடிப்படையாகக் கொள்வர். கடவுள் நம்மைச் சுவிகரித்தார். ஆகவே நாமும் சுவிகரிக்கிறோம் என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை உண்டு. ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் தேவை.

முதலாவதாக, ரோமப் பேரரசின் வழக்கில் தத்தெடுக்கப்பட்டோருள் வளர்ந்த ஆண்மக்களே மிகுதி. திபேரியுவை அகுஸ்து சுவிகரித்தபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஒரு வீட்டின் பெயருக்கும் சொத்துக்கும் வாரிசு தேடுவதே அதன் நோக்கம்; திக்கற்ற குழந்தையைக் காப்பது அன்று. பவுல் அதனின்று எடுத்துக்கொண்டது சுதந்தரம் என்னும் கருத்தையே. கலாத்தியர் 4-ஆம் அதிகாரத்தில் அடிமை, வாரிசாகிறான். நம் பழைய வாழ்வைப் பாவத்தின் அடிமைத்தனம் என்று பவுல் கூறுவதை எடுத்து, ஒரு குழந்தையின் பிறந்த நாட்டுக்கும் மொழிக்கும் பெற்ற தாய்க்கும் பொருத்துவது உவமையைச் சிதைப்பதாகும். கொரியத் தாய் எகிப்தும் அல்லள். ஒரிகன் கானானும் அன்று. ஏற்கும் பெற்றோரும் மீட்பர் அல்லர். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

இரண்டாவதாக, ரோமர் 8:15-இல் நாம் பெற்றுவிட்டதாகச் சொல்லப்படும் புத்திரசுவிகாரம், அதே அதிகாரம் 23-ஆம் வசனத்தில் நாம் தவிப்போடு காத்திருக்கும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பெற்றதும் உண்டு, பெறாததும் உண்டு. வளர்ந்த குழந்தையை ஏற்ற குடும்பம் இவ்விரண்டாம் வசனத்தையே நன்கு கற்றாக வேண்டும். நீதிமன்றம் கையெழுத்திட்ட நாளில் சட்டம் நிறைவேறுகிறது, மகன்மை நிறைவேறுவதில்லை. இரவில் அழும் குழந்தை, உணவை ஒளித்துவைக்கும் குழந்தை, அன்பை மீண்டும் மீண்டும் சோதிக்கும் குழந்தை நன்றிகெட்டது அன்று, தவிக்கிறது. 2010 ஏப்ரலில் ரஷ்யாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், இனி அவனை வளர்க்க விரும்பவில்லை என்னும் கடிதத்தோடு அமெரிக்காவிலிருந்து தனியே மாஸ்கோவுக்கு விமானமேற்றி அனுப்பப்பட்டான். அக்குடும்பத்தின் நெருக்கடியை நாம் முழுதும் அறியோம். ஆயினும் மீட்பை உடனடி மகிழ்ச்சியாகவே எதிர்பார்க்கக் கற்பிக்கப்பட்ட எவரும், தவிக்கும் குழந்தையின்முன் விரைவில் சோர்வர் என்பது உறுதி.

மூன்றாவதாக, திருமறையே காட்டும் தத்துப் பிள்ளைகளை நோக்குவோம். மோசேயை ஏற்ற பார்வோன் குமாரத்தி, அவன் எபிரெயரின் பிள்ளை என்பதை முதற்பார்வையிலேயே அறிந்தாள். பெற்ற தாய்க்கே கூலிகொடுத்து வளர்க்கச் செய்தாள். பிள்ளை வளர்ந்தபின்னரே அவனை மகனாக ஏற்றாள் (யாத்திராகமம் 2). அவளது பணம் தாயையும் பிள்ளையையும் சிலகாலம் ஒன்றாய் வைத்திருந்தது என்பது கருதத்தக்கது. தாயும் தகப்பனும் இறந்தபின் மொர்தெகாயால் வளர்க்கப்பட்டவள் எஸ்தர். வேதம் அவளை அத்சாள் என்னும் பெயராலும் அறிகிறது. வேற்றுநாட்டு அரண்மனையில் பெயர் மாற்றப்பட்ட தானியேலை அவனுடைய சொந்தப் பெயராலேயே வேதநூல் அழைத்துச்செல்கிறது. பெயரையும் பிறப்பையும் மறைத்தல் அரசர்களின் வழக்கமாயிருக்கலாம். திருமறையின் வழக்கம் அன்று.

6. ஆயருக்கு ஒரு சொல்

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் திருச்சபைகள் நடத்தும் குழந்தைகள் இல்லங்கள் பலவும் வெளிநாட்டு நன்கொடையாளரின் மாதாந்தர உதவியால் வளர்ந்தவை. குழந்தையின் புகைப்படமும் கடிதமும் கடல்கடந்து சென்ற வழக்கத்தை நாம் அறிவோம். நம் உச்சநீதிமன்றம் 1984-இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில், வெளிநாட்டாருக்குக் குழந்தைகளைத் தத்துக்கொடுப்பதற்கு நெறிமுறைகளை வகுத்தது. பெற்ற தாய் நெருக்குதலின்றி முடிவெடுக்க வேண்டுமென்றும், வளர்ந்த குழந்தையாயின் அதன் விருப்பத்தை அறிய வேண்டுமென்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 1993-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தமும் இதனையே வேண்டுகிறது. இந்தியா 2003-இல் அதனை ஏற்றது. உலக நீதிமன்றங்கள் குழந்தையின் சொல்லைக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கையில், பீடத்திலிருந்து நாம் அதனைக் கேளாமல் பேசுதல் தகாது.

ஆகவே தத்தெடுக்க விழையும் குடும்பம் ஆலோசனை நாடி வரும்போது, ஆயர் முதலில் கேட்கவேண்டிய வினா இது: இக்குழந்தை தன் தாயிடமே வாழ வழியுண்டா? பயணச்செலவின் ஒரு பகுதி அத்தாயின் கையில் சேர்ந்தால் போதுமெனின், அதுவே மேலான ஊழியம். உண்மையிலேயே ஆதரவற்ற குழந்தையாயின் அதனை ஏற்க அவர்களைத் தயங்காமல் ஊக்குவிப்போம். வளர்ந்த குழந்தைகளே வீடு கிடைக்காமல் நெடுங்காலம் காத்திருப்போர்; அவர்களை நாடிச்செல்வது நற்செயல். ஆயின் அக்குடும்பம் நேரில் செல்லட்டும். குழந்தை வாழ்ந்த ஊரையும் உண்ட உணவையும் பேசிய மொழியையும் அறிந்துவரட்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் புதுப்பெயரை எழுதும்போது பழைய பெயரையும் எழுதுவோம். நன்றி ஆராதனையில் அக்குழந்தையை நிறுத்திச் சாட்சி சொல்லப் பணியாதிருப்போம். சபையாரின் மன்றாட்டில் அதனைப் பெற்றவளையும் நினைவுகூருவோம்.

ஹோல்ட் தம்பதியரின் நூலைப் படிக்கும் மாணவர், அதனோடு டீயனின் படத்தையும் பார்த்தல் நலம். முன்னது அன்பின் துணிவைக் கற்பிக்கிறது. அத்துணிவுக்கு இன்றியமையாத உண்மையைப் பின்னது கற்பிக்கிறது. அனாதை அல்லேன் என்று ஒரு குழந்தை சொல்லும்போது, கையிலுள்ள ஆவணத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் சொல்லைக் கேட்பதே ஆயர் பணியின் தொடக்கமாகும்.